கிடைத்த படமும் எடுத்த படமும்

ஸ்காண்டிநேவியப் பேசாப்படங்களைத் தேடிக் காண்போர் கருதத்தக்கவை

ஒரு நூலின் தரத்தை ஆராயப் புகுவோர், முதற்கண் அந்நூலின் திருத்தமான படி எது என்று காணுதல் வேண்டும். ஏடு பெயர்த்து எழுதியோர் செய்த பிழையை ஆசிரியர் பிழையென்று பழித்தலும், பின்வந்தோர் செருகியதை ஆசிரியர் திறமென்று பாராட்டுதலும் ஆராய்ச்சி ஆகமாட்டா. இவ்வுண்மையைத் தமிழாசிரியர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் கண்ட பதிப்பாசிரியர்களின் உழைப்பினாலன்றோ பழந்தமிழ் நூல்கள் வகுப்பறை வரை வந்துள்ளன! ஆனால், நூலுக்குப் பொருந்தும் இவ்விதி திரைப்படத்துக்கும் பொருந்தும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. திரையில் ஓடுவது எதுவோ அதுவே படம் என்று கொள்கின்றனர்.

இக்கருத்து எத்துணைத் தவறானது என்பதைக் காட்டுதற்கு டென்மார்க், ஸ்வீடன், நார்வே ஆகிய நாடுகளின் பழைய பேசாப்படங்கள் தக்க சான்றாகும். 1910 முதல் 1925 வரையுள்ள ஆண்டுகளில் இந்நாடுகளில் எடுக்கப்பட்ட படங்கள் உலகத் திரைக்கலைக்கு அடிகோலியவற்றுள் சேர்ந்தவை. டென்மார்க்கில் ஓலே ஓல்சன் 1906இல் தொடங்கிய நோர்டிஸ்க் நிறுவனம் ஐரோப்பா முழுதும் தன் படங்களை விற்றது. ஸ்வீடனில் விக்டர் ஷோஸ்ட்ரோம், மௌரிட்ஸ் ஸ்டில்லர் என்னும் இருவர், மலையும் கடலும் பனியும் கதைமாந்தரைப் போலவே கதையில் பங்கு கொள்ளுமாறு படம் எடுத்தனர். இப்படங்களுட் பலவற்றை இன்று இணையத்தின் வாயிலாக எந்நாட்டவரும் காணலாம். முன்னர் ஸ்டாக்ஹோமுக்கோ கோபன்ஹேகனுக்கோ சென்று காப்பகத்தின் இசைவு பெற்றுக் காண வேண்டியிருந்த படம், இன்று வீட்டு மேசைக்கே வருகின்றது. இது பெரும்பேறு. எனினும், கைக்கு எளிதாக வந்தது என்பதனாலேயே அது எடுத்தவன் எடுத்த படம் ஆகிவிடாது. கிடைத்த படம் வேறு. எடுத்த படம் வேறு. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவை அளக்காமல் எழுதப்படும் திறனாய்வு, அடித்தளமின்றி எழுப்பிய மாடம் போன்றதாகும்.

அழிவின் வரலாறு

பேசாப்படக் காலத்துச் சுருள்கள் செல்லுலோஸ் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனவை. இப்பொருள் வெடிமருந்துக்கு உறவுடையது. எரிவதற்கு வேண்டிய உயிர்வளி அதனுள்ளேயே இருத்தலின், ஒருமுறை தீப்பற்றினால் நீரூற்றியும் அணைத்தல் அரிது. தீக்குத் தப்பினாலும் காலத்துக்குத் தப்புவதில்லை. வெப்பமும் ஈரமும் மிகுந்தால், படச்சுருள் பிசுபிசுத்து, ஒட்டி, இறுதியில் பழுப்புநிறப் பொடியாகிவிடும். பேசும்படம் வந்தபின் பேசாப்படத்துக்கு விலையில்லாமற் போயிற்று. இடத்தை அடைத்துக்கொண்டு தீயச்சம் தரும் பழஞ்சுருளை எவர் காப்பர்?

ஸ்வீடன் நாட்டுப் படங்களுக்கு நேர்ந்த பேரிழப்பு 1941ஆம் ஆண்டு செப்டம்பரில் நேர்ந்தது. ஸ்டாக்ஹோம் நகரின் விண்டர்விக்கன் பகுதியில் ஸ்வென்ஸ்க் ஃபில்மிண்டஸ்ட்ரி நிறுவனம் சேமித்து வைத்திருந்த நைட்ரேட் சுருள்கள் தீக்கிரையாயின. அந்நிறுவனமும் அதன் முன்னோடியும் எடுத்த பேசாப்படங்களின் மூல நெகட்டிவ்களில் பெரும்பகுதி அத்தீயில் மறைந்தது. ஷோஸ்ட்ரோம், ஸ்டில்லர் ஆகிய இருவர்தம் படங்களும் அவற்றுள் அடங்கும். ஆகவே, இன்று காணக்கிடைக்கும் பழைய ஸ்வீடியப் படங்களுட் பெரும்பாலானவை மூலத்திலிருந்து நேரே எடுக்கப்பட்டவை அல்ல. திரையரங்குகளில் ஓடித் தேய்ந்த படிகளிலிருந்தோ அயல்நாட்டுக்கு விற்ற படிகளிலிருந்தோ மீட்கப்பட்டவை. மூல ஏடு எரிந்துபோக, படியோலை மட்டும் எஞ்சிய நூலின் நிலைதான் இவற்றின் நிலை.

அயல்மனையில் கிடைத்த பொருள்

தன் வீட்டில் தொலைந்தது அயலார் பரணில் கிடைத்தது என்பார்களே, அது இப்படங்களின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்துள்ளது. மூன்று சான்றுகள் காட்டுதல் போதும்.

முதற் சான்று ஷோஸ்ட்ரோம் இயக்கிய முதற்படமாகிய 'தோட்டக்காரன்'. ஸ்டில்லர் கதையமைக்க, ஷோஸ்ட்ரோமே தோட்ட உரிமையாளராக நடித்து 1912இல் எடுத்த படம் இது. மகன் காதலித்த ஏழைப் பெண்ணைத் தந்தையே கெடுக்கின்றான். ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட அவள், நகரில் பல இழிவுகளுக்கு ஆளாகி, முடிவில் தன் வாழ்வு கெட்ட அதே கண்ணாடித் தோட்டவீட்டுக்குத் திரும்பி, ரோசாமலர்களுக்கு நடுவே உயிர் துறக்கின்றாள். 1911இல் நிறுவப்பட்ட ஸ்வீடன் அரசுத் தணிக்கைக் குழு இப்படத்தைத் தடை செய்தது. பல பத்தாண்டுகள் இது அழிந்ததாகவே கருதப்பட்டது. பின்னர், அமெரிக்க நாட்டு வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தில், வேறொரு பெயரில், ஒரு படி இருப்பது கண்டறியப்பட்டது. 1980இல் ஸ்வீடன் மக்கள் அதனை முதன்முறையாகக் கண்டனர். எடுத்தவர் 1960இலேயே மறைந்துவிட்டார். தம் முதற்படம் தம் நாட்டில் திரையேறியதைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

இரண்டாம் சான்று உலகப் புகழ் பெற்றது. டென்மார்க் நாட்டு இயக்குநர் கார்ல் தியோடர் டிரையர் பிரான்சு நாட்டில் எடுத்த 'ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்' 1928 ஏப்ரலில் கோபன்ஹேகனில் முதன்முதல் திரையிடப்பட்டது. பாரிசில் அது திரைக்கு வருமுன் தணிக்கையாளரும் திருச்சபையாரும் பல பகுதிகளை வெட்டினர். அதே ஆண்டு டிசம்பரில் பெர்லினில் நேர்ந்த தீயில் மூல நெகட்டிவ் அழிந்தது. மனந்தளராத டிரையர், முன்னர்ப் பயன்படுத்தாது ஒதுக்கிய காட்சிப்பதிவுகளைக் கொண்டு இரண்டாவது வடிவம் ஒன்றைக் கோத்தார். அதுவும் மறுதீயில் அழிந்ததாகக் கருதப்பட்டது. 1968இல் டிரையர் காலமானபோது, தாம் முதலிற் செய்த படம் உலகில் இல்லை என்னும் எண்ணத்துடனேயே மறைந்தார் எனலாம். பதின்மூன்று ஆண்டுகள் கழிந்து, 1981இல், நார்வே நாட்டு ஆஸ்லோ நகருக்கு அண்மையிலுள்ள டிகெமார்க் மனநல மருத்துவமனையின் சாமான் அறையொன்றில் சில படச்சுருள் பெட்டிகள் கிடைத்தன. அவை நார்வே திரைப்பட நிலையத்துக்கு அனுப்பப்பட்டு, மேலும் மூன்றாண்டுகள் பிரித்துப் பாராமலே கிடந்தன. 1984இல் திறந்து பார்த்தபோதுதான், டேனிஷ் மொழி எழுத்து அட்டைகளோடு கூடிய முதல் வடிவமே அது என்பது தெரியவந்தது. வெட்டுக்கும் தீக்கும் தப்பிய அப்படி ஒரு மருத்துவமனையின் மூலையில் அரை நூற்றாண்டுக்கு மேல் உறங்கியிருந்தது!

மூன்றாம் சான்று இதற்கு மறுதலையாக அமைந்தது. 1927இல் ஷாங்ஹாயில் டான் டூயூ எடுத்த 'பட்டு வலைக் குகை' என்னும் சீனப்படம் சீனாவில் அழிந்துபோயிற்று. 'மேற்குப் பயணம்' என்னும் சீனப் பெருங்கதையில், துறவியைச் சிலந்தி மகளிர் மயக்கிப் பிடிக்கும் பகுதியே இதன் கதை. மலேசிய, சிங்கப்பூர் வாசகருட் பலர் அண்டை வீட்டுச் சீன நண்பர் வாயிலாக அறிந்த கதைதான். 1929இல் ஆஸ்லோவில் காட்டப்பட்ட இப்படத்தின் ஒரு படி நார்வே தேசிய நூலகத்தின் சேமிப்பில் இருந்தது. அதில் சீன எழுத்தும் நார்வே மொழி எழுத்தும் அட்டைகளில் ஒருங்கே காணப்பட்டன. நார்வே மக்கள் அதனைப் பழுதுபார்த்து, 2014இல் சீனத் திரைப்படக் காப்பகத்துக்கு ஒரு படியை வழங்கினர். ஸ்வீடன் படம் வாஷிங்டனில், டேனிஷ் படி நார்வேயில், சீனப்படமும் நார்வேயில். விற்றவன் வீட்டில் இல்லாதது வாங்கியவன் வீட்டில் இருந்தது. எனவே, பழம்படத்தைத் தேடுவோர் அது பிறந்த நாட்டை மட்டும் தேடுதல் போதாது. அது எங்கெங்கு விலைபோயிற்று என்பதையும் அறிதல் வேண்டும்.

பெயரறிந்து தேடுதல்

தேடுவோர்க்கு நேரும் முதல் இடர் பெயரால் வருவது. ஷோஸ்ட்ரோமின் தலைசிறந்த படமாகிய 'ஷோர்கார்லென்' 1921 சனவரி முதல் நாளன்று வெளிவந்தது. 'வண்டியோட்டி' என்பது அச்சொல்லின் பொருள். எழுத்தை நோக்கின் அதனைக் ககரத்தில் தொடங்கத் தோன்றும். ஸ்வீடியர் வாயிலோ அவ்வெழுத்து அவ்விடத்தில் ஷகரம் போன்று ஒலிக்கும். இப்படத்துக்கு ஆங்கிலத்தில் மட்டும் மூன்று பெயர்கள் உண்டு. ஒன்று 'ஆவி வண்டி' என்னும் பொருளது; மற்றொன்று 'உன் ஆன்மா சான்று கூறும்' என்பது; பிறிதொன்று 'நள்ளிரவு மணியோசை' என்பது. இவை மூன்று படங்கள் அல்ல, ஒரே படம். மூலப் பெயரை அறியாதார் மூன்றிடத்தில் தேடி மூன்றையும் தவறவிடுவர்.

எழுத்துமுறையும் இடர் செய்யும். தலைமேற் சிறு வட்டம் பெற்ற 'ஓ' ஒலியுடைய எழுத்து இன்று மூன்று நாடுகளிலும் வழங்குகின்றது. ஆனால் டென்மார்க்கில் அது 1948ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்குப் பின்னரே முறையாக வந்தது. அதற்கு முன் அவ்விடத்தில் ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்தை இரட்டித்து எழுதினர். ஆகவே, பேசாப்படக் காலத்து விளம்பரத்தில் ஒரு வகையாகவும், இன்றைய பட்டியலில் வேறு வகையாகவும் ஒரே பெயர் காணப்படும். இரு வகையிலும் தேடுதல் அறிவுடைமையாகும்.

பாடபேதங்கள்

படம் கிடைத்துவிட்டது எனக் கொள்வோம். அடுத்து எழும் வினா, கிடைத்தது எவ்வடிவம் என்பது. நூல்களிற் பாடபேதம் பெரும்பாலும் கைப்பிழையால் நேர்வது. படங்களிலோ அது வாணிகத்தின் பொருட்டு வேண்டுமென்றே செய்யப்பட்டதும் உண்டு. 1913இல் ஆகஸ்ட் ப்ளோம் இயக்கிய 'அட்லாண்டிஸ்' என்னும் டேனிஷ் படத்துக்கு முடிவுகள் இரண்டு. பிற நாட்டவர்க்கு இன்ப முடிவு. துன்ப முடிவையே விரும்புவர் என்று கருதப்பட்ட ரஷ்ய மக்களுக்கெனத் தனியே ஒரு சாவு முடிவு. இவ்விரண்டனுள் எது மெய்ப்பாடம்? இரண்டும் ஒரே நிறுவனத்தார் எடுத்தவையே. ஒரு முடிவை மட்டும் கண்டு, இயக்குநரின் வாழ்க்கை நோக்கு இன்னதென்று உரைப்பவர், வணிகரின் கணக்கைக் கலைஞரின் கொள்கையாகக் கொண்டவர் ஆவர்.

இடைச்செருகலுக்கும் சான்று உண்டு. பெஞ்சமின் கிறிஸ்டென்சன் என்னும் டேனியர் ஸ்வீடன் நிறுவனத்தின் பொருளைக் கொண்டு எடுத்து, 1922இல் வெளியிட்ட 'ஹெக்சன்' சூனியக்காரிகள் பற்றியது. சூனியம் என்று பெயரிட்டுப் பெண்களை எரித்த பழங்கொடுமையையும், பிற்காலத்து நரம்பு நோயையும் ஒப்புநோக்கும் ஆராய்ச்சிப்படம் அது. 1968இல் வேறு சிலர் அதனைச் சுருக்கி, எழுத்து அட்டைகளை நீக்கி, அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் பரோஸின் குரலில் விளக்கவுரையும் ஜாஸ் இசையும் சேர்த்து வெளியிட்டனர். இவ்வடிவத்தை மட்டும் கண்டவர்க்குக் கிறிஸ்டென்சனின் அமைதியான வாதம் கேட்பதில்லை. பிறர் குரலே கேட்கும். உரையாசிரியர் உரையை மூலத்தோடு கலந்து அச்சிட்ட நூலைப் போன்றது அது.

டிரையரின் 'ஜோன்' படத்துக்கும் இத்தகைய இடர் நேர்ந்தது. பிரான்சில் கிடைத்த இரண்டாம் வடிவத்தின் நெகட்டிவை அடிப்படையாகக் கொண்டு, லோ டூக்கா என்பார் 1952இல் ஒரு பதிப்பை வெளியிட்டார். அதில் பாக், விவால்டி முதலிய பழம் இசைவாணர்தம் இசை புகுத்தப்பட்டது. எழுத்து அட்டைகளும் மாற்றப்பட்டன. டிரையர் அதனை ஏற்கவில்லை. எனினும் முப்பது ஆண்டுகள் வரை உலகின் பல பகுதிகளில் 'ஜோன்' என்றால் அப்பதிப்பே. அக்காலத்து எழுந்த பாராட்டும் பழிப்பும், இயக்குநர் மறுத்த ஒரு பதிப்பின்மேல் எழுந்தவை என்பது எண்ணத்தக்கது.

இவற்றுக்கு மாறாக, நேர்மையான பதிப்பு எவ்வாறு இருக்கவேண்டும் என்பதற்கும் அந்நாடுகளே வழிகாட்டுகின்றன. டிரையர் 1922இல் எடுத்த 'முன்னொரு காலத்தில்' என்னும் படத்தின் பல பகுதிகள் கிடைக்கவில்லை. அதனை மீட்ட டேனிஷ் திரைப்பட நிலையத்தார், இல்லாத இடங்களை மறைக்க முயலாமல், நிழற்படங்களையும் எழுத்துக்களையும் அவ்விடங்களில் வைத்துக் கதைத்தொடர்பை உணர்த்தினர். சிதைந்த ஏட்டில் புள்ளியிட்டுக் காட்டும் பதிப்பாசிரியரின் முறை இது. குறையைக் குறையாகவே காட்டுதல் மூலத்துக்குச் செய்யும் மரியாதையாகும். கிரேட்டா கார்போ இளமையில் நடித்த ஸ்டில்லரின் 'கோஸ்டா பெர்லிங் கதை' 1924இல் இரு பகுதிகளாக வந்து, பின்னர் ஒன்றாகக் குறுக்கப்பட்ட படம். ஸ்வீடன் திரைப்பட நிலையத்தார் பல இடத்துப் படிகளை ஒப்பிட்டு, முன்பு கிடைத்ததினும் நீளமான வடிவத்தை 2018இல் அமைத்தனர். ஆகவே, பழைய படியைக் கண்டு கதைப்போக்கு துண்டுபட்டது என்று குறை கூறியவர், கத்தரிக்கோலைக் குறை கூறினரேயன்றி ஸ்டில்லரைக் குறை கூறினார் அல்லர்.

வேகமும் நிறமும் இசையும்

காட்சிகள் யாவும் முழுமையாக இருப்பினும் படம் கெடுவதற்கு வழி உண்டு. முதலாவது வேகம். பேசும்படம் நொடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடும். பேசாப்படங்களுக்கு அவ்வாறு ஒரே அளவு இல்லை. 16, 18, 20 எனப் பலவாறு ஓட்டினர். 16இல் ஓட வேண்டியதை 24இல் ஓட்டினால், துயரத்தோடு நடக்கும் தாய் பொம்மைபோல் துள்ளி ஓடுவாள். அழவேண்டிய இடத்தில் சிரிப்பு எழும். பேசாப்படம் என்றாலே நகைப்புக்குரியது என்று பலர் எண்ணுவதற்கு இவ்வேகப் பிழையும் ஒரு காரணமாகும்.

இதனைச் சோதிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. ஸ்வீடன் திரைப்பட நிலையத்தின் பட்டியலில், தணிக்கை ஏட்டின்படி படத்தின் நீளம் மீட்டர் அளவில் குறிக்கப்பட்டிருக்கும். 1,000 மீட்டர் நீளமுள்ள சுருள், 16 வேகத்தில் சுமார் 55 நிமிடமும், 20 வேகத்தில் சுமார் 44 நிமிடமும், 24 வேகத்தில் சுமார் 36½ நிமிடமும் ஓடும். கிடைத்த படியின் நேரத்தை இக்கணக்கோடு ஒப்பிட்டால், படம் வெட்டுண்டதா, அல்லது விரைவாக ஓட்டப்பட்டதா என்பது ஓரளவு விளங்கும். அறிஞர்களுக்குள்ளும் இதில் ஒருமைப்பாடு இல்லை என்பதும் உண்மை. டிரையரின் 'ஜோன்' படத்தை வெளியிட்ட ஒரு பதிப்பகம் 2012இல் 20 வேகத்தில் சுமார் 97 நிமிடமாகவும், 24 வேகத்தில் சுமார் 81 நிமிடமாகவும் இரண்டையும் ஒரே குறுந்தட்டுத் தொகுதியில் அளித்து, தீர்ப்பைக் காண்போரிடமே விட்டுவிட்டது.

அடுத்தது நிறமும் தெளிவும். பேசாப்படங்கள் யாவும் கறுப்பு வெள்ளையில் காட்டப்பட்டன என்பது பிழையான எண்ணம். இரவுக் காட்சிக்கு நீலமும், விளக்கொளிக்கு மஞ்சளும் எனப் படிகளுக்குச் சாயமேற்றுவது அக்கால வழக்கம். சாயமற்ற படியில் இரவு பகலாகிவிடும். 'வண்டியோட்டி' படத்தில் இதன் விளைவு பெரிது. ஆண்டின் கடைசி இரவு பன்னிரண்டு மணி அடிக்கும்போது இறக்கும் பாவி, அடுத்த ஓராண்டு சாவின் வண்டியை ஓட்டி உயிர்களைச் சேர்க்க வேண்டும் என்பது அக்கதையின் அடிப்படை. செல்மா லாகர்லோவ் அம்மையார் 1912இல் எழுதிய நாவலைத் தழுவியது இது. குடியால் குடும்பத்தைக் கெடுத்த டேவிட் ஹோமாக ஷோஸ்ட்ரோமே நடித்தார். ஒளிப்பதிவாளர் யூலியஸ் யேன்சான், ஒரே படச்சட்டத்தில் பலமுறை ஒளி பதித்து, உடலினூடே மறுபுறம் தெரியுமாறு ஆவியுருவத்தைக் காட்டினார். கடல் அலைமேல் அவ்வண்டி செல்லும் காட்சியை ஒருமுறை கண்டார் மறவார்.

இவ்வுத்தி வெறும் வேடிக்கை அன்று. உயிரோடிருந்த காலத்தில் பிறர் துன்பம் எதனையும் ஊடுருவிக் காணாத ஒருவன், இறந்தபின் தன் உடலே கண்ணாடிபோல் ஆகித் தான் செய்த கொடுமைகளைக் காண்கிறான் என்பதே இதன் உட்பொருள். நாலைந்து தலைமுறை பெயர்த்த மங்கிய படியில் ஆவியுருவம் சாம்பல் நிறத்தில் கலந்து மறைந்துவிடும். அல்லது வெறும் கறையாகத் தோன்றும். ஊடுருவித் தெரிதல் என்பது போயிற்று எனின், படத்தின் பொருளும் அதனோடு போயிற்று.

இசையும் அத்தகையதே. இதே படத்துக்கு மாட்டி பியே அமைத்த இசை ஒன்றும், கே.டி.எல். குழுவினர் மின்னொலியால் அமைத்த இசை ஒன்றும் உள்ளன. முன்னது இரக்கத்தை மிகுவிப்பது; பின்னது அச்சத்தை மிகுவிப்பது. படம் ஒன்றே, சுவை இரண்டு. எவ்விசையோடு கண்டோம் என்பதைக் கூறாமல் படத்தின் மெய்ப்பாடு இன்னதென்று கூறுதல் முறையன்று.

திறனாய்வுக்கு வரும் கேடு

இவை காப்பகத்தார் கவலைப்பட வேண்டிய நுட்பங்கள், சுவைஞருக்கு இவற்றால் ஆவதென்ன என்று கேட்பார் உளர். ஆவது பெரிது. 1913இல் ஷோஸ்ட்ரோம் எடுத்த 'இங்கெபோர்க் ஹோம்' படத்தை எடுத்துக்கொள்வோம். கணவனை இழந்து, கடையை இழந்து, ஏழையர் விடுதியில் சேர்ந்த தாயிடமிருந்து அவள் பிள்ளைகள் பிரிக்கப்பட்டு, வளர்ப்பதற்கெனப் பிறரிடம் ஒப்படைக்கப்படுகின்றனர். இளங்குழந்தை தன்னை அடையாளம் காணாது போகவே, தாயின் அறிவு பேதலிக்கின்றது. மரத்துண்டு ஒன்றைக் குழந்தையாக எண்ணித் தாலாட்டுகின்றாள். இப்படம் ஸ்வீடனில் ஏழையர் பராமரிப்பு முறை பற்றிய பொது விவாதத்தைக் கிளப்பியது.

இப்படத்தில் இயக்குநர் முகத்தை அருகே காட்டிக் கண்ணீரை எண்ணச் செய்வதில்லை. அறையின் முழு ஆழத்தையும் காட்டி, முன்னே ஒருவர், நடுவே ஒருவர், வாயிலருகே ஒருவர் என நிறுத்தி, அவர்தம் சிறு அசைவுகளாலேயே துயரத்தை விளைவிக்கின்றார். இத்தகைய கலைக்குத் தெளிவே உயிர். பின்புறத்தில் நிற்பவரின் தலைசாய்வும் கைந்நடுக்கமும் தெரிந்தாலன்றிக் காட்சி பேசாது. மங்கிய சிறு படத்தில் இதனைக் கண்டவர்கள், காமிரா அசையவில்லை, நாடகத்தை அப்படியே படம் பிடித்தது போலுள்ளது என்று எழுதினால் அவர்மேல் முழுக் குற்றமும் சுமத்தல் ஆகாது. ஆனால் அவர் கூற்று உண்மையும் ஆகாது. ஓவியத்தைக் கதவிடுக்கு வழியே பார்த்து ஓவியனுக்கு மதிப்பெண் இட்டதை ஒக்கும் அது.

இதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. எஞ்சிய படங்களை மட்டும் கொண்டு வரலாறு எழுதும்போது, எஞ்சியதே சிறந்தது என்னும் மயக்கம் உண்டாகின்றது. ஷோஸ்ட்ரோமின் கலை 'இங்கெபோர்க் ஹோ'மில் திடீரென்று முழுமலராக மலர்ந்தது போல ஒரு தோற்றம் உண்டு. 'தோட்டக்காரன்' கிடைத்தபின், பெண்ணுக்கு இழைக்கப்படும் அநீதியும், அவளைச் சுற்றியுள்ள இடமே அவள் மனத்தின் உருவாக நிற்பதும் முதற்படத்திலேயே வேர்கொண்டிருந்தன என்பது புலனாயிற்று. அவ்விரண்டுக்கும் இடையிலும் பின்னும் அவர் எடுத்தவற்றுட் பல இன்றும் கிடைத்தில. தீ எதனை விட்டதோ அதனைக் கொண்டு கலைஞனை அளக்கின்றோம் என்னும் அடக்கம் திறனாய்வாளர்க்கு வேண்டும்.

செய்யத்தக்கவை

நல்ல படியை நாடுவோர் முதலில் அந்நாட்டுப் பொதுநிலையங்களின் தளங்களையே நாடுதல் நன்று. டேனிஷ் திரைப்பட நிலையம் எஞ்சிய பேசாப்படங்களை எண்ணிம வடிவில் பெயர்த்து, அவற்றுக்கெனத் தனித்தளமே அமைத்து, ஆராய்ச்சிக் கட்டுரைகளோடு இலவசமாகக் காட்டுகின்றது. ஸ்வீடன் திரைப்பட நிலையமும் அந்நாட்டு அரசு நூலகமும் இணைந்து 2011 முதல் ஒரு தளம் நடத்துகின்றன. அதில் விவரணப்படங்களே மிகுதி.

சில படங்கள் ஒரு நாட்டில் திறந்தும் மற்றொரு நாட்டில் மூடியும் இருப்பதற்குக் காரணம் பதிப்புரிமைச் சட்டம். ஐரோப்பாவில் ஆசிரியர் மறைந்து 70 ஆண்டு வரை உரிமை உண்டு. ஷோஸ்ட்ரோம் 1960இல் மறைந்தமையால், அங்கு அவர்க்குரிய உரிமை 2030 முடியும் வரை நிற்கும். அமெரிக்காவிலோ வெளிவந்த நாளிலிருந்து 95 ஆண்டு என்பது கணக்கு. ஆகவே, 'வண்டியோட்டி' அங்கு முன்பே பொதுவுடைமையாயிற்று. யார் யாரோ ஏற்றிய படிகள் பெருகியிருப்பதற்கும், அவற்றுட் பல மூலம் இன்னதென்று குறிப்பின்றி இருப்பதற்கும் இவ்வேறுபாடும் ஒரு காரணம். அத்தகைய படியைக் காணக் கூடாதென்பது கருத்தன்று. வேறு வழியில்லாத இடத்தில் கிடைத்த ஏட்டைப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் படித்த ஏடு இன்னதென்று சொல்லவும் வேண்டும்.

ஆகவே, பழம்படம் பற்றி எழுதுவோர், தாம் கண்ட படியின் நீளம், அதன் எழுத்து அட்டைகளின் மொழி, நிறம், இசை, அதனை மீட்டவர் யாவர் என்னும் இவற்றை இரண்டு வரியிலேனும் குறித்தபின்னரே தீர்ப்புரைக்கத் தொடங்குதல் தகும். நூலாராய்ச்சியில் இன்ன பதிப்பு என்று குறியாத கட்டுரையைத் தமிழாசிரியர் ஏற்பதில்லை. திரைக்கலைக்கு மட்டும் அம்முறைமை வேண்டாம் என்பது அக்கலையைக் கலையென்று ஒப்பாமையே ஆகும். டிகெமார்க் மருத்துவமனையின் சாமான் அறையில் அப்பெட்டிகளைக் கண்டவர் குப்பையென்று வீசியிருப்பின், மறுக்கப்பட்ட பதிப்பே மெய்ப்படமென்று உலகம் இன்றும் கருதியிருக்கும். அவர் வீசவில்லை. அவர் காத்ததைப் பிழையறப் பார்த்து, பிழையற எழுதுதல் பின்வந்தோர் கடனாகும்.